உனக்கு ஓட்டு கிடையாதே, தெரியாதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கிழிந்த வலை தைத்துப் பிழைப்பவன் நான். வலைத் தகராறு ஒன்றில் ஒருவரை அடித்ததற்காக, கேப்பர் மலை மத்திய சிறையில் மூன்று வருடம் இருந்தேன். அடித்தது உண்மை. அதற்காக யார்மீதும் குறையில்லை. 2023-ல் வெளியே வந்தேன்.

2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஊரே கரையில் இருந்தது. குளித்துவிட்டுக் கிளம்பினேன். தெருமுனையில் பூத் சிலிப் எழுதிக்கொண்டிருந்த கட்சிக்காரர், "உனக்கு ஆறு வருஷத்துக்கு ஓட்டு கிடையாதே, தெரியாதா?" என்றார். நாலு பேர் முன்னால். சரி, தண்டனையில் அதுவும் சேர்த்திபோல என்று வீட்டுக்குத் திரும்பி வலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று எங்கள் வீட்டில் மை இல்லாத விரல் என்னுடையதுதான்.

அப்புறம் ஒரு வக்கீலம்மா விளக்கினார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 62(5)-ன்படி உள்ளே இருக்கும்வரைதான் ஓட்டுப் போட முடியாது. வெளியே வந்துவிட்டால் போடலாம். உள்ளே இருக்கிறார் என்பதற்காகப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவும் கூடாதாம். பார்த்தால், என் பெயர் அப்படியே இருந்தது. அந்த ஆறு வருடக் கணக்கு, இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் விடுதலைக்குப் பின் தேர்தலில் நிற்பதற்கான தடை. நான் எங்கே நிற்கப்போகிறேன்! ஓட்டுக்குக் காசு கொடுப்பது போன்ற தேர்தல் குற்றத்துக்குத் தண்டனை வாங்கினால்தான் ஆறு வருடம் ஓட்டே போகும். அந்தக் கட்சிக்காரர் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. குண்டாஸ் மாதிரி தடுப்புக் காவலில் உள்ளே இருப்பவர் தபாலில் ஓட்டுப் போடலாம். ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் கிடக்கும் விசாரணைக் கைதி போட முடியாது. ஆனால் தேர்தலில் நிற்கலாம். அதே 2024-ல் திகார் சிறையில் இருந்தபடியே ஒருவர் பாரமுல்லாவில் ஜெயித்தாரே! தீர்ப்பே வராதவனுக்கு ஏன் இந்தத் தடை?

சட்டத்தை மாற்ற நாளாகும், தெரியும். விடுதலை நாளில் நம் துணிமணி, சேர்ந்த கூலி எல்லாம் கணக்குப் பார்த்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதோடு, "உங்களுக்கு ஓட்டு உண்டு, பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் படிவம் 6 கொடுங்கள்" என்று ஒரு துண்டுச்சீட்டும் கொடுக்கட்டும். தெருமுனையில் நீட்டிக் காட்ட என்னிடம் அன்று ஒரு காகிதம் இல்லை.

பெயர் போட வேண்டாம் ஐயா. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தேவனாம்பட்டினம் வாசகர்,
கடலூர்.