டிகிரி குறைந்தால் தண்ணீர்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பால் கலப்படம் என்று செய்தி வரும்போதெல்லாம் தண்ணீர், யூரியா, சோப்புத்தூள் என்று அதே பட்டியல்தான். பாலைக் கொடுக்கிற மாடு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இருக்காது.

பால் கூட்டுறவு சொசைட்டியில் கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்து விலை போடுகிறார்கள், சரி. லாக்டோமீட்டர் காட்டுகிற டிகிரி, அதாவது பாலின் அடர்த்தி, இறங்கினால் உடனே "தண்ணி ஊத்திட்டியா?" என்று ஒரு கேள்வி. மடிநோய் உள்ள மாட்டின் பாலிலும் எஸ்என்எஃப் இறங்கும் என்பதை அங்கே யாரும் யோசிப்பதில்லை. மடிக்குள் கிருமி புகுந்ததும் பால் சுரக்கும் செல்கள் பழுதாகி லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறைகிறது, கேசின் புரதம் குறைகிறது, இரத்தத்தில் இருக்கிற உப்பு பாலுக்குள் கசிகிறது. பால் லேசாகக் கரிப்பதற்கும் தயிர் கெட்டியாக உறையாமல் தண்ணீர் விடுவதற்கும் இதுவும் ஒரு காரணம். மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். ஆனால் மாடு நன்றாகத் தின்று அசைபோட்டுக்கொண்டு, பாலும் வெள்ளையாகவே வர, உள்ளுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிற மடிநோய்தான் அதிகம், விலையில் அடிப்பதும் அதுதான்.

இதைக் கண்டுபிடிக்க லேப் எல்லாம் வேண்டாம். நாலு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் நாலு காம்புப் பாலையும் தனித்தனியாகப் பீச்சி, சிஎம்டி (கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை) திரவத்தைச் சம அளவு ஊற்றிச் சுழற்றினால் நோயுள்ள காம்பின் பால் கொழகொழவென்று திரளும். அவ்வளவுதான். கொழுப்பு பார்க்க மெஷின் வைத்திருக்கிற சொசைட்டியில் இந்தத் தட்டு ஏன் இல்லை?

அப்புறம் மருந்து. ஆன்டிபயாடிக் ஊசி போட்டாலோ காம்பில் டியூப் ஏற்றினாலோ அந்த மருந்துக்குச் சொன்ன கெடு முடியும்வரை பாலை ஊற்றக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் ரெண்டு மாட்டை நம்பி இருக்கிற வீட்டில் மூணு நாலு நாள் பாலைக் கீழே கொட்டு என்றால் யார் கொட்டுவார்? காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து எச்சம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். ஆரம்பத்திலேயே தெரிந்தால், 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு அரைத்து மடியில் பூசுகிற வைத்தியம் இருக்கிறது, தேசியப் பால்வள வாரியமே அதைப் பரப்புகிறது. காய்ச்சல் கண்ட மாட்டுக்கு அதை மட்டும் நம்பி உட்காராமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

தீவனத்தையும் சொல்லிவிடுகிறேன். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நடத்திய ஆய்வில் தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88இல் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பூசண நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தது. எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம்! பூசணம் பிடித்த புண்ணாக்கும் சோளமும் மாட்டின் ஈரலையும் கெடுக்கிறது, பாலிலும் இறங்குகிறது. மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் போட்டு வைத்தால் வேறென்ன ஆகும்? கடையில் வாங்கும்போதே பூத்துப்போன புண்ணாக்கும் உண்டு, அதைச் சோதிக்க ஆளில்லை.

நான் கேட்பது இதுதான். மாதம் ஒருமுறை சொசைட்டியே சிஎம்டி பார்க்கட்டும். சிகிச்சையில் இருக்கிற மாட்டின் பாலைத் தனியாக வாங்கி அழித்துவிட்டு, அந்த நாட்களுக்குப் பாதி விலையாவது கொடுக்கட்டும். பணத்தை மாவட்டப் பால் ஒன்றியம் போடலாம், இல்லை காப்பீட்டில் சேர்க்கலாம்.

- ஒரு பால் உற்பத்தியாளர், போளூர்