பதினான்கு இரவா, பதினைந்து நாளா?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். சென்ற வெள்ளிக்கிழமை வேல்ஸ் நாட்டுக் கார்டிஃபிலிருந்து நீ அனுப்பிய செய்தியில், இன்னும் ஒரு 'ஃபோர்ட்நைட்'டில் ஊருக்கு வந்துவிடுவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்துக் காட்டியதும் உன் அம்மா, பதினைந்து நாள் என்று சொல்லிக்கொண்டே அடுக்களை நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணி, பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டாள். பதினைந்து இல்லை, பதினான்கு என்று நான் வாய் திறந்ததிலிருந்து வீட்டில் வழக்கு நடக்கிறது.

'ஃபோர்ட்நைட்' என்ற அந்த ஆங்கிலச் சொல்லில் 'ஃபோர்ட்', அதாவது கோட்டை, எதுவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'பதினான்கு இரவுகள்' என்று இரண்டு சொற்களாக வழங்கியது, நாளடைவில் தேய்ந்து ஒட்டி ஒரே சொல்லானது. பகலை விட்டுவிட்டு இரவை எண்ணுவானேன் என்று நீ கேட்பாய். ஜெர்மானியர்கள் நம்மைப் போல நாட்களை எண்ணுவதில்லை, இரவுகளையே எண்ணுகிறார்கள், அவர்களுக்கு இரவே பகலை அழைத்து வருகிறது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் கி.பி. 98 வாக்கிலேயே எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு முன்பே ஜூலியஸ் சீசர், இன்றைய பிரான்ஸ் பகுதியான 'கால்' (Gaul) நாட்டு மக்களைப் பற்றியும் இதையே சொன்னார். நிலவைப் பார்த்து மாதம் கணித்தவர்களுக்கு இரவுதானே கணக்குப் பலகை!

ஃபோர்ட்நைட்டுக்கு 'சென்னிட்' என்று ஒரு தங்கையும் இருந்தாள். ஏழு இரவு, அதாவது ஒரு வாரம். ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட நாவலில், நவம்பர் 18, திங்கட்கிழமை வந்து சேர்வதாகக் கடிதம் எழுதும் காலின்ஸ் என்ற பாதிரியார், 'சனிக்கிழமை சென்னிட்' வரை தங்கப்போவதாகச் சொல்கிறார். அந்த வாரச் சனிக்கிழமை கழிந்து இன்னும் ஏழு இரவு போனால் வருகிற மறு சனி, நவம்பர் 30. அழையாத விருந்தாளி எத்தனை நாள் இருப்பார் என்பதை இவ்வளவு சுற்றிச் சொல்ல அந்தச் சொல் நன்றாகவே உதவியிருக்கிறது. பிறகு வாரம் என்ற சொல் அதை விழுங்கிவிட்டது. அமெரிக்காவில் ஃபோர்ட்நைட்டும் அரிதாகிவிட்டது. நம் அலுவலகங்களிலோ அது இன்னும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

வங்கியில் நான் இருந்த காலமெல்லாம் ரொக்க இருப்பு விகிதத்தை, அதாவது வைப்புத்தொகையில் ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டிய பங்கை, அந்த ஃபோர்ட்நைட் கணக்கில்தான் பார்த்தோம். சனிக்கிழமை தொடங்கி இரண்டாவது வெள்ளிக்கிழமை முடிய, இரு நாட்களும் உட்பட என்று ரிசர்வ் வங்கிச் சட்டமே அதற்கு இலக்கணம் வகுத்திருந்தது. எண்ணிப் பார், சரியாகப் பதினான்கு. 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதை மாற்றி, மாதத்தின் 1 முதல் 15 வரை ஒன்று, 16 முதல் கடைசி நாள் வரை மற்றொன்று என்று ஆக்கிவிட்டது. இனி பிப்ரவரியின் பின்பாதியில் பதிமூன்று நாள் ஃபோர்ட்நைட்டும் வரும். பெயரில் பதினான்கை வைத்துக்கொண்டு இது என்ன கூத்து என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நீ இருக்கும் ஊர்க்காரர்களோ உன் அம்மாவின் கட்சி. வெல்ஷ் மொழியில் வாரத்துக்கு 'எட்டு இரவு' என்றும், இரண்டு வாரத்துக்குப் 'பதினைந்து இரவு' என்றும் பொருள்படும் சொற்களே வழங்குகின்றன. தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் சேர்த்து எண்ணுகிற வழக்கம் அது. பிரதமையில் தொடங்கிப் பௌர்ணமி வரை பதினைந்து திதி எண்ணிப் பழகிய நமக்கும் பதினைந்துதான் வாயில் வருகிறது.

நேற்று மாலை நானும் அதே நாட்காட்டியில் எண்ணினேன். நீ எழுதிய வெள்ளியை விட்டுவிட்டு, சனிக்கிழமையில் விரல் வைத்துப் பதினான்கு வரை போனேன். அம்மா அந்த வெள்ளியையே ஒன்றாக வைத்துப் பதினைந்து எண்ணியிருக்கிறாள். என் விரலும் அவளுடைய பென்சில் வட்டத்துக்குள்தான் போய் நின்றது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் விமானம் நள்ளிரவு தாண்டித்தான் சென்னையில் இறங்கும் என்றால், அது வெள்ளி இரவா, சனி விடியலா என்று அடுத்த வழக்கு தொடங்கிவிடும். ஆகையால் டிக்கெட்டில் உள்ள தேதியையும் நேரத்தையும் அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா