சூசன் பாயிலின் முதல் ஆல்பம்: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. பேரனின் முதல் பல், உன் முழங்கால் வலி, புது வீட்டு மாடிப்படி என்று எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருந்தாய். சுருதிப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன், இந்த வயதில் இனி யாருக்குப் பாட என்று. அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் என் சேதி. அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. மருந்து கொடுக்கும் நேரத்துக்கு இன்னும் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்த பிறகுதான் கொடுக்க ஆள் இல்லை என்று நினைவு வரும். ஒரு நாள் அம்மாவின் அலமாரியை ஒழிக்கும்போது ஒரு சிடி கிடைத்தது. ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாயிலின் முதல் ஆல்பம், ‘ஐ ட்ரீம்ட் எ ட்ரீம்’. 2009இல் வந்தது. வாங்கிய புதிதில் இரண்டு பாட்டு கேட்டுவிட்டு எடுத்து வைத்தது. இப்போது மூன்று வாரமாக வீட்டில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர் முதன்முதலில் டிவியில் பாடிய அந்த வீடியோவை நீயும் பார்த்திருப்பாய், பார்க்காதவர்களே குறைவு. 2009 ஏப்ரலில் ‘பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்’ என்ற டிவி திறமைப் போட்டி நிகழ்ச்சியில் ஒளிபரப்பானது. ஸ்காட்லாந்தில் பிளாக்பர்ன் என்ற சின்ன ஊர்க்காரர், வயது 47 என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. இசை நாடகங்களில் புகழ்பெற்ற எலைன் பெய்ஜ் மாதிரி பாடகியாக வேண்டும் என்கிறார், இன்னும் சிரிக்கிறது. கேமராவும் தேடித் தேடி முகம் சுளிப்பவர்களையே காட்டுகிறது. அப்புறம் ‘லே மிசெராப்ள’ இசை நாடகத்திலிருந்து ‘ஐ ட்ரீம்ட் எ ட்ரீம்’ பாட்டின் முதல் வரியைப் பாடுகிறார். அவ்வளவுதான், அரங்கம் எழுந்து நிற்கிறது.

எனக்கு அன்று கண் கலங்கியது உண்மை. ஆனால் இப்போது யோசித்தால், அன்று நான் கேட்டது அவருடைய பாட்டையா, என் மனது மாறியதையா என்று சந்தேகமாக இருக்கிறது. இப்படி இருக்கிறவள் எப்படிப் பாடுவாள் என்று நானும் முதல் நிமிடத்தில் நினைத்தவள்தானே. அந்த நினைப்பு உடைந்ததில் வந்த அழுகை அது. குரலைச் சரியாகக் கவனிக்கவே இல்லை.

ஆல்பத்தில் அந்தச் சிரிப்பு கிடையாது, நடுவர்களின் முகமும் கிடையாது. அதனால்தான் உனக்கு இதைப் பற்றி எழுதுகிறேன்.

பன்னிரண்டு பாட்டு. முதலில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘வைல்ட் ஹார்சஸ்’. பியானோ மெல்ல ஆரம்பிக்க, குரல் கீழ்ஸ்தாயியில் கிட்டத்தட்டப் பேச்சு மாதிரி வருகிறது. இந்தக் கீழ்க்குரல்தான் அவருடைய சொத்து என்பது என் அபிப்பிராயம். எல்லோரும் அவர் உச்சத்துக்குப் போவதைப் பற்றியே பேசினார்கள். உச்சம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே இறங்கும்போது வருகிற அந்தக் கனிவுக்கு வயது வேண்டும். இருபது வயதுக் குரலில் அது உட்காராது.

குறையும் இருக்கிறது, மறைப்பானேன். ஸ்டீவ் மேக் என்ற தயாரிப்பாளர் எல்லாப் பாட்டையும் ஒரே மெத்தையில் படுக்க வைத்த மாதிரி இருக்கிறது. வேகமே இல்லை. ‘டேட்ரீம் பிலீவர்’ துள்ளிக் குதிக்கிற பாட்டு, அதைக்கூட மெதுவாக்கிவிட்டார்கள். அதன் சந்தோஷம் போய்விட்டது. பெரும்பாலும் ஏற்கனவே பிறர் பாடிப் பெயர் பெற்ற பாட்டுகள். அவருக்கென்று புதிதாக வந்த ‘ஹூ ஐ வாஸ் பார்ன் டு பி’ பாட்டில் சொற்கள் கொஞ்சம் பெரிதாகவே முழங்குகின்றன. கடைசியில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. நவம்பர் கடைசியில் ஆல்பம் கடைக்கு வந்தது, பண்டிகைக்குப் பரிசாக வாங்கட்டும் என்ற கணக்கு. டிவிப் போட்டிகளிலிருந்து வருகிற ஆல்பங்களுக்கு இதுதான் வழக்கம், சூடு ஆறும் முன்பே கடைக்கு வந்துவிட வேண்டும்.

கணக்கு பலித்தது என்றும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் முதல் வாரத்திலேயே 4 லட்சத்து 11 ஆயிரத்துக்கும் மேல் விற்றது. அதுவரை அங்கே எந்தப் பாடகரின் முதல் ஆல்பமும் அப்படி விற்றதில்லை. அமெரிக்காவில் முதல் வாரம் 7 லட்சத்து 1 ஆயிரம், ஆறு வாரம் முதலிடம். இத்தனைக்கும் மே மாத இறுதிப் போட்டியில் அவர் ஜெயிக்கவில்லை. ‘டைவர்சிட்டி’ என்ற நடனக் குழு முதலில் வந்தது, இவர் இரண்டாவது. அது முடிந்த கையோடு கடும் சோர்வில் சிகிச்சைக்குச் சேர்ந்தார். சில வாரங்களில் உலகமே வீட்டு வாசலில் வந்து நின்றால் யார்தான் தாங்குவார்கள்? அதே ஆண்டின் முடிவுக்குள் ஒரு முழு ஆல்பத்தைப் பாடி முடித்திருக்கிறார். அந்த மாதங்கள் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு மனது கனக்கிறது.

மூன்றாவது பாட்டு ‘க்ரை மீ எ ரிவர்’. இதை மட்டும் தனியாகக் கேள். 1999இலேயே இதைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார். அவருடைய வட்டாரத்துப் பாடகர்களை வைத்து நற்பணிக்காகப் போட்ட ஒரு சிடி, மொத்தம் ஆயிரம் பிரதிதான். டிவியில் பிரபலமான பிறகு யாரோ அதைத் தேடி எடுத்து இணையத்தில் போட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டேன். அதே குரல்! பத்து வருடம் முன்பே எல்லாம் அங்கே இருந்திருக்கிறது. டிவி அவரை உருவாக்கவில்லை. ஆயிரம் சிடியில் பாடிவிட்டு, சர்ச்சில் பாடிக்கொண்டு, வயதான அம்மாவைப் பார்த்துக்கொண்டு அவர்பாட்டுக்கு இருந்திருக்கிறார்.

அந்த அம்மா 2007இல் இறந்துபோனார், 91 வயதில். போட்டிக்குப் போ என்று சொல்லிக்கொண்டிருந்தவரே அம்மாதான். அம்மா போனபின் அவர் பொது இடத்தில் பாடியது முதன்முதலாக அந்த மேடையில்தானாம். இதைப் படித்த அன்று சிடியைப் போட்டேன், இரண்டாவது பாட்டைத் தாண்ட முடியவில்லை. எனக்கு ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மடோனாவின் ‘யூல் சீ’ பாட்டும் இதில் இருக்கிறது. பள்ளியில் தன்னைக் கேலி செய்தவர்களுக்குச் சொல்லும் பதிலாகத்தான் அதைப் பாடியதாக ஒரு பேட்டியில் சொன்னார். பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் போதவில்லை, இவளுக்குப் படிப்பு அவ்வளவாக வராது என்றே சின்ன வயதிலிருந்து முத்திரை குத்தியிருக்கிறார்கள். 50 வயதைத் தாண்டிய பிறகுதான் அது ஆட்டிசம் வகையைச் சேர்ந்த ஆஸ்பெர்கர் என்று தெரிய வந்தது. 2013இல் அவரே வெளியில் சொன்னார், நிம்மதியாக இருக்கிறது என்றும் சொன்னார். இது தெரிந்த பிறகு கேட்டால் அந்தப் பாட்டில் கோபமே இல்லை. ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக, முழுசாக உச்சரிக்கிறார். உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஆண்டு விழாவில் நீ பாடியபோது சொல்லைக் கடித்து விழுங்காமல் பாடியதற்காக டீச்சர் தனியாகப் பாராட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் அவருக்கு லேசான பக்கவாதம் வந்தது. பேச்சையும் பாட்டையும் திரும்பப் பிடிக்கப் பாடுபட்டிருக்கிறார். 2023 ஜூனில் அதே நிகழ்ச்சியின் இறுதி மேடையில், அதே பாட்டைப் பாட வந்து நின்றார். அப்போது அவருக்கு 62 வயது. உனக்கும் எனக்கும் அதற்கு இன்னும் நான்கு வருடம் பாக்கி.

அதனால் சுருதிப் பெட்டியை இப்போதைக்கு யாருக்கும் கொடுக்காதே. அடுத்த மாதம் வருகிறேன், சிடியையும் எடுத்து வருகிறேன். பத்து வருடமாகத் துணியில் சுற்றியே கிடக்கிறது என்கிறாயே, துருத்தியில் ஓட்டை விழுந்திருந்தால் ஒட்டித் தரும் ஆளை இப்போதே விசாரித்து வை. யாருக்குப் பாட என்று கேட்டாய். அம்மா போனதிலிருந்து என் வீட்டில் யாரும் பாடவில்லை. எனக்குப் பாடு.

முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய். பேரனின் பல் தெரிகிற போட்டோ ஒன்று அனுப்பு.

என்றும் உன்,
பக்கத்து பெஞ்சுக்காரி