வீட்டு வாடகைப்படி ஊரைப் பார்க்கிறது, நில அளவரின் செலவு காட்டில் இருக்கிறது: நிதித்துறைச் செயலாளருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
நில அளவர் ஒருவர்,
ராமநாதபுரம் மாவட்டம்.
(பெயரும் பணியிட விவரமும் தனித்தாளில் உள்ளன)

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
நிதித் துறை, தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

நகல்: நில அளவை மற்றும் நிலவரித் திட்ட இயக்குநர் அவர்கள், சேப்பாக்கம், சென்னை – 600 005.

பொருள்: நில அளவர்களுக்கு, அளக்கப் போகும் இடத்தின் தன்மையைப் பொறுத்து களப்படியும் ஆள் கூலியும் வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா அவர்களுக்கு,

வணக்கம். 2022 ஜூலையில் தேர்வாணையம் 1,089 இடங்களுக்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டது, அதில் நில அளவர் இடங்கள் மட்டும் 798. அவற்றில் ஒன்றுக்குத் தேர்வாகி வந்தவன் நான். ஒரத்தநாடு பயிற்சி நிலையத்தில் நாங்கள் மூன்று பேர் ஒன்றாகவே சுற்றுவோம். மூன்று பேரும் சிவில் டிப்ளமோ, மூன்று பேர் வீட்டிலும் அதுதான் முதல் அரசு வேலை. இப்போது ஒருவன் சென்னையை ஒட்டிய பகுதியில் இருக்கிறான், ஒருவன் மதுரையில், நான் இங்கே முதுகுளத்தூர், கமுதி பக்கத்துக் கரிசல் காட்டில். மூன்று பேருக்கும் ஒரே ஊதிய நிலைதான், ஆனால் மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவது மூன்று விதமாக இருக்கிறது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் பணிக்கு ஊதிய நிலை 8, தொடக்கம் 19,500 ரூபாய். 2025 ஜூலை நிலவரப்படி அகவிலைப்படி 58 சதவீதம், அதாவது 11,310. இரண்டும் சேர்த்து 30,810. இதில் ஓய்வூதியப் பங்களிப்பு பத்து சதவீதம் போய்விடும், அப்புறம் காப்பீட்டுப் பிடித்தம். வருடத்துக்கு 3 சதவீத ஊதிய உயர்வு. இதுவரை உள்ள கணக்கு சென்னையில் இருப்பவனுக்கும் எனக்கும் ஒன்றுதான். ஊருக்கு ஊர் மாறுவது வீட்டு வாடகைப்படி. மேல் தட்டில் சென்னை, அடுத்து கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு, திருநெல்வேலி, அதற்குக் கீழே நடுத்தர ஊர்கள், கடைசியில் எந்த வகையிலும் சேராத ஊர்கள். நான் அந்தக் கடைசித் தட்டில் இருக்கிறேன். சின்ன ஊரில் வாடகை குறைவு, அதனால் படியும் குறைவு என்பது நியாயமான கணக்குதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்தக் கணக்கு நான் இரவில் தூங்கும் இடத்தைப் பார்த்துப் போட்டது. நான் வேலை செய்யும் இடத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு என்று ஒன்று எங்கேயும் இல்லை.

அந்த இடம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். போன பங்குனியில் ஒரு கண்மாய்க் கரையை ஒட்டிய புஞ்சையை அளக்கப் போனேன். அண்ணன் தம்பி பாகம் பிரித்திருந்தார்கள், உட்பிரிவு செய்து பட்டா கொடுக்க வேண்டும். புலப்படத்தில், அதாவது நிலத்தின் அளவை வரைபடத்தில், பார்த்தால் நாலு மூலை, அழகான படம். நேரில் பார்த்தால் ஆள் உயரத்துக்கு மேல் சீமைக்கருவேலம், உள்ளே ஆடு கூடப் போகாது. ஒரு எல்லைக்கல்லிலிருந்து இன்னொரு கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் நடுவே பாதை வெட்ட வேண்டும். அப்படியும் இரண்டு கற்களைக் காணோம், ஒன்று வண்டலில் புதைந்து கிடந்தது, இன்னொன்றை யாரோ எப்போதோ பிடுங்கி வேலிக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். பக்கத்துப் புல எண்ணிலிருந்து, அதுவும் சரியில்லை என்று மூன்று எல்லைகள் சந்திக்கும் முச்சந்திக் கல்லிலிருந்து அளந்து வந்துதான் அந்த மூலையைப் பிடித்தோம். காலை ஆறரைக்குத் தொடங்கியது, முடியும்போது மணி மூன்று. செயின் பிடிப்பதானாலும் டேப் பிடிப்பதானாலும் முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் வேண்டும், கம்பு நட ஒருவர் வேண்டும், முள் வெட்ட அரிவாளோடு இரண்டு பேர் வேண்டும். ஒற்றை ஆளாக ஒரு சென்ட்டைக்கூட ஒழுங்காக அளக்க முடியாது. அரசு அந்தக் காட்டுக்கு அனுப்பியது என்னை ஒருவனை மட்டும்தான்.

செயற்கைக்கோள் உதவியோடு அளக்கும் ரோவர், டிஜிபிஎஸ் கருவிகள் எல்லாம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்தது நல்லதுதான், வேலை சுத்தமாக வருகிறது. ஆனால் கருவி முள் வெட்டாது, மூலையில் கொண்டு போய் அதை நிறுத்தவும் நான்தான் உள்ளே நுழைய வேண்டும். மழைக்காலத்தில் கரிசல் மண் டயரில் அப்பிக்கொண்டு வண்டி நகராது, ஒரு கிலோமீட்டர் கருவியைத் தோளில் சுமந்துகொண்டு நடந்திருக்கிறேன்.

சரி, அந்த முள் வெட்டியவர்களுக்கும் கம்பு பிடித்தவர்களுக்கும் கூலி யார் கொடுத்தது? அளக்கச் சொல்லி மனுக் கொடுத்த நிலக்காரர், அதாவது மனுதாரர், கொடுத்தார். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. கொடுக்க வழியில்லாதவர், கணவனை இழந்து ஒரு ஏக்கரை மட்டும் வைத்திருக்கும் அம்மா மாதிரி ஆட்கள் வந்தால் நான் கொடுத்துவிடுவேன். ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். போன மாதம் 14 நாள் களத்துக்குப் போயிருக்கிறேன், பயணத்துக்குக் கிடைப்பதைக் கழித்த பிறகு பெட்ரோல் 3,150 ரூபாய், என் கையிலிருந்து போன ஆள் கூலி 4,800 ரூபாய். மொத்தம் 7,950. கைக்கு வரும் சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்கும் மேல்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சர்வேயர் என்றாலே மக்கள் மனத்தில் வரும் முதல் கேள்வி ‘எவ்வளவு கொடுக்கணும்?’ என்பதுதான். லஞ்சம் வாங்கி எங்கள் துறையில் பிடிபட்டவர்கள் உண்டு, அவர்களுக்காக நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது என்று பாருங்கள். அரசு அனுப்பிய ஆள் அளக்க வருகிறார், ஆள் கூலியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார், ரசீது கிடையாது, எத்தனை ஆள், எவ்வளவு கூலி என்று எழுதிய விதியும் மனுதாரருக்குக் காட்ட இல்லை. ரசீதில்லாமல் கூலியாகக் கொடுக்கும் 1,200 ரூபாய்க்கும் அதற்குப் பக்கத்தில் வைக்கப்படும் இன்னொரு 2,000 ரூபாய்க்கும் நடுவே மனுதாரர் எப்படிக் கோடு போடுவார்? என்னைப் போல கோடு போட்டு நிற்பவனும், கோட்டைத் தாண்டியவனும் அவர் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறோம். என் அப்பா ஒரு நாள் கேட்டார், ‘டேய், நீயும் வாங்குறியா?’ என்று. அதற்குப் பதில் சொல்ல என்னிடம் அந்த நோட்டு ஒன்றுதான் இருந்தது.

இதனால் நகரத்தில் இருப்பவன் சுகமாக இருக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னைப் பக்கம் இருக்கும் நண்பனுக்கு ஓர் அறை, சமையலறை கொண்ட வீட்டு வாடகையே சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. முன்பு நகரங்களில் கொடுத்த நகர ஈட்டுப்படியை 2020இல் எடுத்துவிட்டார்கள். மத்திய அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி அடிப்படை ஊதியத்தில் ஊருக்கேற்ப 30, 20, 10 சதவீதம், அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டபோது அதுவும் ஏறியது. எங்களுக்கு அது 2017 ஊதியத் திருத்தத்தில் வைத்த கட்டுத்தொகை. சென்னையில் வீட்டுக்காரர் அந்த ஆண்டோடு வாடகையை நிறுத்திவைத்திருக்கிறாரா என்ன. மதுரை நண்பன் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டவன், நகரத்து வாடகை கொடுத்துக்கொண்டு புறநகர்க் கிராமங்களுக்கு வண்டி ஓட்டுகிறான். அவர்களுக்குக் கொடுப்பதைக் குறைத்து எனக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவே மாட்டேன்.

கிராம நிர்வாக அலுவலருக்கும் இளநிலை உதவியாளருக்கும் இதே நிலை 8தான். அவர்கள் வேலையும் லேசானதல்ல, அதைத் தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் தொழில்நுட்பப் படிப்பை தகுதியாகக் கேட்டுவிட்டு, கருவியையும் வெயிலையும் எங்கள் தலையில் வைத்துவிட்டு, அதற்கென்று ஊதியத்தில் ஒன்றும் இல்லை என்பது மனத்தை உறுத்துகிறது. உரிமம் பெற்ற நில அளவர்கள் பாடு இதைவிட மோசம், அவர்களுக்கு மாதச் சம்பளமே கிடையாது, முடித்த வேலைக்குத்தான் காசு. கருவேலங்காட்டில் ஒரு நாள் முழுக்க ஒரே உட்பிரிவோடு போராடுகிறவரும், மனைகளாகப் பிரித்த இடத்தில் மதியத்துக்குள் நாலு முடிக்கிறவரும் ஒன்றா?

மக்களிடம் வாங்கும் கட்டணத்தில் அரசே இடம் பார்த்துத்தான் வசூலிக்கிறது. உட்பிரிவுக்கு ஊரகப் பகுதியில் 400, நகராட்சியில் 500, மாநகராட்சியில் 600 என்று கட்டியவர்களின் மனுக்களை நான் கையாண்டிருக்கிறேன். வாங்கும்போது இடத்தைப் பார்க்கத் தெரிந்த அரசுக்கு, கொடுக்கும்போதும் பார்க்க முடியும்.

நான் கேட்பது இவைதான். முதலில் ஆள் கூலி, ஏனென்றால் மற்றதெல்லாம் எனக்காக, இது மனுதாரருக்காகவும். ஒவ்வொரு அளவைக்கும் எத்தனை ஆள் என்பதை நிலத்தின் தன்மை பார்த்து வட்ட அளவில் நிர்ணயித்து, கூலியை அரசே அந்தத் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் நேராகப் போட வேண்டும், மனுதாரர் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்று அளவை அறிவிப்பிலேயே அச்சிட வேண்டும். கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம், போதாவிட்டால் அரசு சேர்த்துக் கொடுக்கட்டும். அடுத்து, முள்காடு, மலை, சதுப்பு, பரந்த வறண்ட வட்டம் என்று வகை பிரித்து களப்படி, பெட்ரோலுக்கு ஓடிய கிலோமீட்டர் கணக்கு. நாங்கள் அளந்த இடத்தின் ஆயத்தொலைவுகள் கருவியிலேயே பதிவாகின்றன, பொய்க்கணக்கு எழுத வழியில்லை. வீட்டு வாடகைப்படியை எல்லா அரசு ஊழியருக்கும் சதவீதமாக மாற்றுவது பெரிய முடிவு, அதையும் பரிசீலிக்க வேண்டுகிறேன். உரிமம் பெற்ற அளவர்களுக்கும் இதே இட வகைப்பாட்டின்படி கூலி வேண்டும்.

என் நோட்டின் ஆறு மாதப் பக்கங்களை நகலெடுத்து இணைத்திருக்கிறேன். தேதி, புல எண், தூரம், எத்தனை ஆள், கூலியை யார் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது, மனுதாரர் பெயர்களை மட்டும் மறைத்திருக்கிறேன். உங்கள் துறையிலிருந்து யாராவது ஒரு நாள் வந்து பார்ப்பதானால் வைகாசிக்குள் வரச் சொல்லுங்கள், மழை விழுந்துவிட்டால் வண்டி உள்ளே போகாது. காலை ஆறு மணிக்கு நான் தயாராக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நில அளவர்,
ராமநாதபுரம் மாவட்டம்.

இணைப்பு: களக் குறிப்பு நோட்டு நகல்.