ஞானஸ்நானம் பெற்றவர் கேமரா முன் வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்களை வைத்து எடுத்த ரியாலிட்டி நிகழ்ச்சிகள் துண்டு துண்டாக, தமிழ் விளக்கத்தோடு யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கும்பகோணம், மன்னார்குடி டீக்கடைகளில்கூட "கரண்டே இல்லாம வாழ்றாங்களாம், பதினாறு வயசானா பிள்ளைகளை அவுத்து விட்டுருவாங்களாம், திரும்பி வரலேன்னா பெத்தவங்களே முகத்துல முழிக்க மாட்டாங்களாம்" என்று பேச்சு அடிபடுகிறது. மூன்றும் பாதி உண்மை. மீதிப் பாதி அந்த நிகழ்ச்சிகளில் ஏன் வராது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

எல்லாம் ஞானஸ்நானத்தில் தொடங்குகிறது. 1693ல் யாக்கோப் அம்மான் தலைமையில் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதியின் அனபாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடமிருந்து பிரிந்தவர்கள் ஆமிஷ்காரர்கள். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார்கள். ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதும் ஏறக்குறைய அதே காலம். அவர் படித்த லூத்தரின் ஜெர்மன் வேதாகமம்தான் ஆமிஷ் வீடுகளில் இன்றும் இருக்கிறது. ஆனால் தரங்கம்பாடி லுத்தரன் சபையில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அனபாப்டிஸ்டுகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. விவரம் தெரிந்த வயதில் தானே கேட்டு வாங்க வேண்டும் என்றார்கள். அதற்காக ஐரோப்பாவில் அவர்களை ஆற்றில் அமுக்கிக் கொன்றார்கள், உயிரோடு எரித்தார்கள்.

ஆகவே ஆமிஷ் வீட்டில் பிறந்த பிள்ளை, ஞானஸ்நானம் பெறும்வரை சபையின் உறுப்பினர் ஆகாது. 16 வயதில் தொடங்கும் 'ரம்ஸ்பிரிங்கா' காலத்துக்கு இதுதான் காரணம். ஊர் சுற்றுதல் என்று அதற்குப் பொருள். அந்தக் காலத்தில் பெரும்பாலோர் பெற்றோர் வீட்டிலேயே இருந்து, வாரம் முழுக்க வேலைக்குப் போகிறார்கள். ஞாயிறு மாலை பாட்டுக் கூட்டத்துக்குப் போய், பிடித்த பெண்ணைக் குதிரை வண்டியில் வீடு கொண்டுபோய் விடுகிறார்கள். குடித்துவிட்டுக் கார் ஓட்டுகிற பையன்களும் உண்டு. அதை யாரும் மறைக்க வேண்டாம். ஆனால் திரையில் வருவது அவர்கள் மட்டும்தான். 85 சதவீதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் கடைசியில் சபையில் சேருகிறார்கள். வெளியிலிருந்து ஆள் சேர்க்கும் வழக்கம் கிட்டத்தட்ட இல்லாமலே அவர்கள் தொகை ஏறக்குறைய 20 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, இப்போது சுமார் 4 லட்சத்தில் நிற்கிறது. தப்பி ஓடும் இளைஞர்கள் கதையை மட்டும் பார்த்தவருக்கு இந்தக் கணக்கு உதைக்கும்.

சேர விரும்பும் இளைஞர்களுக்குக் கோடைக்காலம் முழுக்கப் பாடம் நடக்கிறது. 1632ல் நெதர்லாந்தின் டார்ட்ரெக்டில் எழுதப்பட்ட விசுவாச அறிக்கையின் 18 பிரிவுகளையும் மூப்பர்கள் வரிசையாக விளக்குகிறார்கள். ஞானஸ்நானத்துக்கு முந்தைய நாள்கூட, "வாக்குக் கொடுத்து மீறுவதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல், இப்போதே திரும்பிப் போகலாம்" என்று சொல்லிப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பிஷப் இளைஞரின் தலைமேல் இரு கைகளையும் குவித்து வைக்க, உதவியாளர் சிறு பாத்திரத்திலிருந்து அந்தக் கைக்குள் மூன்று முறை தண்ணீர் ஊற்றுகிறார்.

சபை விலக்கு என்ற தண்டனை இந்த வாக்கை மீறியவருக்கு மட்டும்தான். ஞானஸ்நானத்துக்கு முன்பே வெளியே போன பிள்ளைக்கு விலக்கு கிடையாது. பெற்றோருக்கு மனவருத்தம் இருக்கும், பிள்ளை வீட்டுக்கு வந்து போவான். விலக்கப்பட்டவரோடு பேசுவதற்கும் பொதுவாகத் தடையில்லை. ஒரே மேசையில் சாப்பிடுவது, அவர் கையால் பொருள் வாங்குவது, அவர் காரில் ஏறுவது இவைதான் விலக்கு. சில வீடுகளில் இரண்டு மேசைகளை நாலு விரற்கடை இடைவெளி விட்டுப் போட்டு, மேலே ஒரே துணியை விரித்துவிடுகிறார்கள். விதியும் மீறப்படவில்லை, மகனும் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறான். சபை முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டால் விலக்கு நீங்கும். விலக்கு எவ்வளவு கடுமை என்பது சபைக்குச் சபை மாறும், சில இடங்களில் நெஞ்சை உடைக்கும் அளவுக்குப் போகிறது. ஆனால் பல நிகழ்ச்சிகளில், பேசுகிறவர் ஞானஸ்நானம் பெற்றவரா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. அது தெரியாமல் அவர் கதையில் ஒன்றும் விளங்காது.

இனி கேமராவுக்கு வருவோம். படத்துக்கு முகம் காட்டி நிற்பது 'விக்கிரகம் செய்யாதே' என்ற கட்டளைக்கு விரோதம், தன்னைத் தானே உயர்த்திக்கொள்வது என்பது அவர்கள் எண்ணம். அதனால் ஞானஸ்நானம் பெற்று ஒழுங்காக இருக்கும் ஆமிஷ் ஆணோ பெண்ணோ மாதக்கணக்கில் படக்குழுவோடு சுற்ற முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வருபவர் இன்னும் சேராதவராகவோ வெளியேறியவராகவோதான் இருப்பார். 2004ல் வந்த 'ஆமிஷ் இன் த சிட்டி' அப்படிப்பட்ட இளைஞர்களைத்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் வீடு ஒன்றில் நகரத்துப் பிள்ளைகளோடு தங்கவைத்தது. 2012ல் 'பிரேக்கிங் ஆமிஷ்' ஐந்து பேரை முதல்முறையாக நியூயார்க்குக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னது. அவர்களில் சிலர் எப்போதோ வெளியேறியவர்கள் என்று பிறகு செய்தி வந்தது. அதே ஆண்டு தொடங்கிய 'ஆமிஷ் மாஃபியா' இன்னும் மோசம். பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் ஆமிஷ் ரவுடிக் கும்பல் ஒன்று காவல் காப்பதாக அது காட்டியது. நடித்துக் காட்டிய காட்சிகள் உண்டு என்று அதே நிகழ்ச்சி எழுத்திலும் போட்டது. அந்த மக்களைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்த டொனால்ட் கிரேபில் அப்படி ஒரு கும்பலே இல்லை என்றார். 2014ல் பென்சில்வேனியா ஆளுநராக இருந்த டாம் கார்பெட்டும் அதை எதிர்த்தவர்களோடு சேர்ந்தார்.

படத்தொகுப்பில் நடக்கும் வேலையையும் வாசகர்கள் கவனித்துப் பார்க்கலாம். ஒருவர் தனியாக உட்கார்ந்து பேசும் பேட்டி, சம்பவம் நடந்து பல நாள் கழித்து எடுப்பது. எந்தக் காட்சியோடும் ஒட்டவைக்க வசதியாக எல்லாப் பேட்டிக்கும் ஒரே உடையைப் போடச் சொல்வார்கள். ஒரு வாக்கியத்தின் நடுவில் முகம் மறைந்து குதிரையோ மக்காச்சோள வயலோ வந்தால், அங்கே இரண்டு பேச்சுகளை வெட்டி ஒட்டியிருக்க இடமுண்டு. ஒட்டிய இடத்தில் குரலின் ஏற்ற இறக்கம் தட்டும். ஹெட்போனில் கேட்டால் நன்றாகத் தெரியும்.

"கரண்டே இல்லை" என்பதற்கு வருவோம். 1920 வாக்கில் லங்காஸ்டர் சபைகள் வேண்டாம் என்றது வெளியிலிருந்து வரும் மின்கம்பியைத்தான். அந்தக் கம்பி வீட்டுக்குள் எதையெல்லாம் இழுத்து வரும் என்பதே அவர்கள் கவலை. இன்று பட்டறைக் கொட்டகையில் டீசல் இன்ஜின் ஓடும், நம்மூர் வயலில் ஆயில் இன்ஜின் ஓடுகிற மாதிரி. அது கம்ப்ரசரைச் சுற்றி, பெரிய தொட்டியில் காற்றை அடைக்கும். தொட்டியிலிருந்து குழாய் வழியாகக் காற்று பட்டறைக்கும் சமையலறைக்கும் போகும். மிக்சி, தையல் மிஷின், துளையிடும் கருவி எதுவானாலும் மின் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காற்று மோட்டாரைப் பொருத்துகிறார்கள். தொல்லை இல்லாமல் இல்லை. அடைத்த காற்றில் ஈரம் தங்கும், வடிக்காவிட்டால் கருவி துருப்பிடிக்கும், பனிக்காலத்தில் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். டீசல் செலவும் மின்சாரத்தைவிடக் கூடுதல். அத்தனையும் தெரிந்தேதான் செய்கிறார்கள். தொலைபேசியும் உண்டு, வீட்டுக்கு வெளியே, கொல்லை ஓரத்துச் சிறு கொட்டகையில். சாப்பாட்டு நேரத்தில் மணி அடிக்கக் கூடாது என்பதற்காக. ஸ்வார்ட்சென்ட்ரூபர் போன்ற கட்டுப்பாடு மிகுந்த ஆமிஷ் பிரிவினர் இதைக்கூட ஒப்ப மாட்டார்கள். 'ஆமிஷ்' என்று ஒரே சொல்லில் எல்லாரையும் அடைப்பது திரையில் நடக்கும் இன்னொரு பிழை.

டெல்டாக்காரருக்குச் சட்டென்று பிடிபடும் காட்சி ஒன்று உண்டு. எந்த நிகழ்ச்சியும் அதை எடுக்க முடியவில்லை. 20 முதல் 40 குடும்பம் கொண்ட ஒரு சபைக்குப் போதகர் தேவைப்பட்டால், உறுப்பினர்கள் ஆணும் பெண்ணுமாக ஒவ்வொருவராக வந்து ஒரு பெயரை மூப்பர் காதில் சொல்கிறார்கள். இரண்டு மூன்று பேராவது சொன்ன பெயர்கள் தேர்வாகின்றன. அத்தனை பேருக்கும் ஒரே மாதிரியான பாட்டுப் புத்தகங்கள் மேசையில் வரிசையாக வைக்கப்படும். ஒன்றில் மட்டும் வேத வசனம் எழுதிய சீட்டு இருக்கும். ஆளுக்கொரு புத்தகம் எடுக்க, சீட்டு யார் கையில் வருகிறதோ அவர் அன்றிலிருந்து ஆயுள் முழுக்கப் போதகர். சம்பளம் இல்லை, பயிற்சி இல்லை, வயலையும் பட்டறையையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் பெயர் வந்தவரின் மனைவி அழுவாள். பரிசு விழுந்த இடமாக யாரும் நினைப்பதில்லை. சோழர் காலத்து உத்திரமேரூர்க் குடவோலையை அறிந்தவருக்கு இது வியப்பாக இராது. அங்கே பதவி ஓராண்டு, சீட்டை எடுத்தது ஒரு சிறுவன்.

குறையே இல்லாத சமூகம் என்று சொல்ல வரவில்லை. பள்ளி எட்டாம் வகுப்போடு நிற்கிறது. 1972ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'விஸ்கான்சின் எதிர் யோடர்' வழக்கில் அதற்கு உரிமை கொடுத்தது. பிறகு வெளியேற விரும்பும் பிள்ளைக்கு அது பெரிய தடைக்கல். பெண்கள்மீதும் குழந்தைகள்மீதும் நடந்த பாலியல் குற்றங்களைச் சபை மன்னிப்போடு முடித்துவைத்து, காவல்துறைக்குப் போகாமல் விட்ட வழக்குகள் வெளியே வந்திருக்கின்றன. இவை உண்மையான, கடுமையான புகார்கள். அவற்றை விசாரிக்க வேண்டிய நேரத்தைக் கற்பனை ரவுடிகளுக்குக் கொடுத்தார்களே என்பதுதான் எங்கள் கோபம்.

காவிரி டெல்டாவுக்குக் கேமரா எப்போது வருகிறது என்று யோசித்தாலே இது புரியும். வயல் வெடித்தால் வரும், 2018 நவம்பர் கஜா புயல் மாதிரி தென்னை சாய்ந்தால் வரும். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் ராத்திரியில் முறை வைத்து மடை திறக்கிறவர்களை யார் படமெடுத்தார்கள்? அழுகிற விவசாயி பொய்யில்லை. அவரை மட்டும் பார்த்தவர் டெல்டாவைப் பார்த்ததாக எண்ணினால் நமக்குப் பொறுக்காது.

தமிழில் இந்தக் காட்சிகளை வெளியிடுவோருக்கு ஒரு வேண்டுகோள். பேசுகிறவர் ஞானஸ்நானம் பெற்றவரா, எந்த ஊர், எந்தப் பிரிவு, எந்த ஆண்டில் வெளியேறினார் என்று திரையின் அடியில் ஒரு வரி போடுங்கள். நடித்துக் காட்டிய காட்சியில் 'நடிப்பு' என்று அந்தக் காட்சி முடியும்வரை எழுத்து நிற்கட்டும். உங்கள் நாளிதழும் இத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதும்போது இவற்றைக் கேட்டு வாங்கிப் போட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்,
கும்பகோணம்