பாறசாலை சேச்சிக்கும், முகாமுக்கு வந்திருந்த எல்லாருக்கும்

களியக்காவிளை பாட்டு முகாமில் கூடப் பாடினவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

அம்மா வீட்டுக்கு வந்தாச்சு. கஞ்சியும் சிறுபயறும் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். பேச்சு தெளிவாக இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் நடந்ததை நீங்கள் எல்லாரும் கண்ணால் பார்த்தீர்கள், அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. போன் பண்ணி விசாரிக்கிற ஒவ்வொருவரிடமும் நன்றி சொல்லத் தொடங்கினால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் இந்த மடல்.

நாற்காலியோடு அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய, அடிக்குரல் பாடுகிற பேஸ் வரிசை அண்ணன்மாருக்கு நன்றி. கல்யாண பேண்டு செட்டில் வாசிக்கிற டிரம்பெட் அண்ணன், நாம் பாடிய ஹல்லேலூயா கோரஸில் இசையமைப்பாளர் ஹாண்டல் டி சுருதி டிரம்பெட்டுக்கு எழுதியதைத் தன்னுடைய பி ஃப்ளாட் சுருதி டிரம்பெட்டுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். தாளை அப்படியே போட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். செக்போஸ்ட் நெரிசலில் வழி விட்ட ஆட்டோக்காரர்கள், விடியும்வரை வராந்தாவில் எங்களோடு உட்கார்ந்திருந்த போதகர் ஐயா, சுக்குக் காப்பியும் மரச்சீனியும் மீன்கறியும் கொடுத்துவிட்ட அக்காமார், இரவுப் பணியில் இருந்த நர்ஸ் பிள்ளைகள், திருவனந்தபுரத்திலிருந்து வந்த வயலின்காரத் தம்பிகள். பெயர் விட்டுப்போனவர்கள் மன்னிக்க வேண்டும். உங்கள் கடனை நான் அடைக்க முடியாது.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெண்களில் கீழ்க்குரல் பாடுகிற ஆல்ட்டோ வரிசையில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பாறசாலை சேச்சி என்றால் உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரிதான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். அவருடைய அம்மை பிறந்தது குழித்துறையில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி குழித்துறை இருக்கிற விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, பாறசாலை இருக்கிற நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. பிறந்த வீடு ஒரு மாநிலம், புகுந்த வீடு வேறு மாநிலம் என்று ஆன குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. சேச்சி பேசுவது பாதி மலையாளம், பாதி நம்ம ஊர்த் தமிழ்.

எங்கள் பக்கத்துக் குவயர்களில் என்னைப்போலக் கேள்வி ஞானத்தில் பாடுகிறவர்கள்தான் அதிகம். டோ ரே மி என்று எழுதித் தந்தால் பிடித்துக்கொள்வோம். ஐந்து கோட்டில் புள்ளி புள்ளியாக இருப்பதைப் பார்த்துப் பாடச் சொன்னால் கண் இருட்டும். அதனால்தான் பயிற்றுநர் முதல் நாளே, 'பென்சில் இல்லாமல் யாரும் உட்காரக் கூடாது' என்றார். அவர் சொல்லச் சொல்ல எல்லாரும் நோட்டில் குறித்துக்கொண்டோம். நான் போன பிறகுதான் ஹல்லேலூயா கோரஸின் முக்கால் பாகமும் நடந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகையும் எனக்கு இல்லை.

ஞாயிறு மத்தியானம் டாக்டர் வந்து பயமில்லை என்று சொன்னதும், 'மக்களே, நீ போய்ப் பாடிட்டு வா, தங்கச்சி இருக்கா இல்லியா' என்று அம்மாவே என்னை விரட்டினாள். என்னத்தைப் பாட என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். என் நாற்காலியில் என் நோட்டு இருந்தது. திறந்தேன். பக்கம் பக்கமாகப் பென்சில் எழுத்து.

சேச்சி தன் நோட்டில் இருந்ததைப் பார்த்து எழுதியிருந்தால்கூட நான் ஆயுசுக்கும் நன்றி சொல்லியிருப்பேன். அவர் செய்தது அதற்கும் மேலே. ஆல்ட்டோ வரிக்குக் கீழே ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் டோ ரே மி எழுதியிருந்தார். 'கிங் ஆஃப் கிங்ஸ்' என்று மேல்குரல் பாடுகிற சோப்ரானோவோடு சேர்ந்து நீட்டிப் பிடிக்கிற இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் மூச்சு எடுத்தால் சத்தம் அறுந்துபோகும். அங்கே தன் மூச்சுக் குறியை எனக்கும் போட்டுவிடாமல், தான் எடுக்கிற இடத்தில் சிறிய சுழியும், நான் எடுக்க வேண்டிய இடத்தில் கமாவும் போட்டிருந்தார். நான் எத்தனை நேரம் தம் பிடிப்பேன் என்பதை வெள்ளிக்கிழமை ஒரே ஒரு ராத்திரி பக்கத்தில் இருந்து கேட்டே கணக்குப் பண்ணியிருக்கிறார். கடைசி ஹல்லேலூயாவுக்கு முன்னால் மொத்த இசையும் சட்டென்று நின்றுபோகிற இடத்தில், எத்தனையோ குவயர்களில் யாராவது ஒருத்தர் முந்திக்கொண்டு குரல் கொடுத்துவிடுகிற அந்த இடத்தில், அழுத்தி ஒரு வட்டம். பக்கத்தில் மலையாள எழுத்தில், 'மிண்டல்லே', சத்தம் போடாதே என்று.

இதை எப்போது எழுதினார் என்று மற்ற ஆல்ட்டோ அக்காமாரிடம் கேட்டேன். சனிக்கிழமை ராத்திரி எல்லாரும் ஜெபம் பண்ணிவிட்டுக் கலைந்த பிறகு, ஹாலிலேயே உட்கார்ந்து எழுதினாராம். அந்தப் பிள்ளை எங்கே வரப்போகிறது என்று யாரோ சொன்னதற்கு, 'மோள் வந்நா பாடண்டே?', மகள் வந்தால் பாட வேண்டாமா, என்றாராம்.

எல்லாரும் என் அம்மாவைப் பார்த்தீர்கள், அதுதான் நியாயம். நான் திரும்பி வருவேன், வந்தால் எனக்கு அங்கே ஓர் இடம் வேண்டும் என்று ஒரு மனுஷி நினைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்த நேரத்தில் எனக்கே அந்த நினைப்பு இல்லை. அம்மா பிழைக்க மாட்டாள் என்றே நினைத்திருந்தேன். அதே நேரத்தில் இன்னொரு இடத்தில் ஒருவர், அம்மா பிழைப்பாள், மகள் வந்து பாடுவாள் என்று நம்பி மூச்சுக்குறி போட்டுக்கொண்டிருந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் அழுகை வருகிறது.

இந்த கோரஸ் வருகிற ஹாண்டலின் 'மெசியா' முதன்முதலில் அரங்கேறியது 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளின் நகரத்தில் என்றும், வந்த பணம் கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களை விடுவிக்கவும் ஏழைகளின் ஆஸ்பத்திரிக்கும் போனது என்றும் பயிற்றுநர் வெள்ளிக்கிழமை சொன்னார். அப்போது அது எனக்கு வெறும் சரித்திரம். ஞாயிறு சாயங்காலம், ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்திலிருந்து எழுந்து வந்து அதைப் பாடினபோது, ஒவ்வொரு வரியும் என் அம்மாவுக்காகவும் அந்த வார்டில் கிடந்த அத்தனை பேருக்காகவும் என்று பாடினேன். டிம்பனி முரசு அதிர்ந்தபோது சேச்சி சுழி போட்ட இடத்தில் மூச்சு எடுத்தார், நான் கமா போட்ட இடத்தில் எடுத்தேன். சத்தம் அறவில்லை.

சேச்சி, உங்களுக்கு நான் என்ன செய்துவிட முடியும்? ஐந்து கோட்டையும் படிக்கக் கற்றுக்கொள்வேன். எங்கள் சபையில் புதிதாகக் குவயரில் சேருகிற பிள்ளைகளுக்கு, வர முடியாமல் போனவர்களுக்கு, நோட்டில் குறித்துக் கொடுக்கிற வேலை இனி என்னுடையது. அடுத்த ஞாயிறு முதல் ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் பின்ஹாலில் இருப்பேன். பென்சிலும் ரப்பரும் நான் கொண்டுவருகிறேன், நோட்டு மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அம்மா உங்கள் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். நல்லபடி நடமாடத் தொடங்கினதும் முதலில் பாறசாலைக்குப் போக வேண்டும் என்கிறாள். சேச்சி, கூட்டிக்கொண்டு வருகிறேன்.