பிரெஸ்காட் ஐயாவுக்கு, பூ அனுப்பின ஆட்கள் எழுதுறது

ஜான் பிரெஸ்காட் ஐயாவுக்கும், அவர் மேசை வரைக்கும் எங்க ஸ்டேடியம் ஃபைலைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்த எல்லாருக்கும் வணக்கம்.

ஐயா, 2024 நவம்பர் 20ஆம் தேதி நீங்க போய்ட்டீங்க, 86 வயசு. அன்னைக்கு டிவியைத் திறந்தா 2001 எலெக்‌ஷன் பிரச்சாரத்துல முட்டை எறிஞ்ச ஆளுக்கு நீங்க விட்ட குத்து, ரெண்டு ஜாகுவார் கார், கப்பல்ல ஸ்டூவர்டா தட்டு தூக்கின பையன் பிரிட்டனோட துணைப் பிரதமர் ஆன கதை, கொஞ்சம் நல்ல சேனல்னா கியோட்டோ பருவநிலை ஒப்பந்தம். எல்லாம் சரிதான். ஆனா இங்கிலாந்தோட தென்கரைல இருக்கிற பிரைட்டன்ல எங்க ஃபுட்பால் மேட்ச் குரூப்ல காலைல ஒருத்தர் ஒரே வார்த்தை போட்டார், "ஃபால்மர்". அதுக்குக் கீழ கிளப் கலரான நீலமும் வெள்ளையுமா ஹார்ட்டா வந்து கொட்டுச்சு, வேற யாரும் எதுவும் எழுதல, எழுதத் தேவையும் இல்ல.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். எங்க ஃபுட்பால் கிளப் பிரைட்டன் அண்ட் ஹோவ் ஆல்பியன் 1902லேருந்து ஆடின கோல்ட்ஸ்டோன் கிரவுண்டை 1995ல அப்போ கிளப்பைக் கையில வச்சிருந்தவங்க வித்துட்டாங்க. அடுத்து எங்க ஆடுறதுன்னு ஒரு ஏற்பாடும் கிடையாது, ரசிகர்களுக்கு விஷயமே லோக்கல் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது. 1997 ஏப்ரல் 26, டான்காஸ்டரை 1-0ன்னு ஜெயிச்சோம், அதோட அந்த கிரவுண்ட் முடிஞ்சுது, இப்போ அங்க ஷாப்பிங் கடைங்கதான். அடுத்த வாரம் ஹியர்ஃபோர்டுல போய் 1-1 டிரா எடுத்ததாலதான் லீக்லேயே மிஞ்சினோம். அப்புறம் ரெண்டு சீசன் கென்ட்ல கில்லிங்ஹாம் கிரவுண்டை வாடகைக்கு எடுத்து "ஹோம் மேட்ச்" ஆடினோம், ஹோம் மேட்ச் பார்த்துட்டு வீடு திரும்ப 70 மைலுக்கு மேல.

இதெல்லாம் நான் வர்றதுக்கு முந்தின கதை, கேட்டுக் கேட்டு நானே கூட இருந்த மாதிரி ஆயிடுச்சு. நான் வந்தது 2002, சசெக்ஸ் யூனிவர்சிட்டில படிக்க. அப்போ கிளப் விதீன்ல ஆடிட்டு இருந்துச்சு. விதீன்னா என்னன்னா, நகரசபையோட அத்லெடிக்ஸ் கிரவுண்ட், ஓடுற டிராக்குக்கு நடுவுல புல்லு, சுத்தி தற்காலிகமா முட்டுக்கொடுத்த ஸ்டேண்டு, டிரெஸ்ஸிங் ரூம் போர்ட்டாகேபின்ல. எங்க பக்கம் கூரை கிடையாது. சீட்டுல உக்காருறதுக்கு முன்னாடி உள்ளங்கையால தண்ணிய வழிச்சு ஊத்தணும், உக்காந்த ஒரு நிமிஷத்துல அது திரும்ப ஊறும், பிளாஸ்டிக் கோட்டோட காலர் வழியா ஒரு சொட்டு முதுகுல இறங்கும் பாருங்க, தொண்ணூறு நிமிஷமும் அந்த ஒரு சொட்டைப் பத்தியேதான் நினைப்பு இருக்கும். மைக் சத்தம் அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக் கேக்கக் கூடாது, பக்கத்துத் தெருவுல கார் நிறுத்தக் கூடாது. எதிரணி ரசிகர்கள் வந்து சிரிச்சுட்டுப் போவாங்க, நாங்களும் சேர்ந்து சிரிப்போம், வேற என்ன பண்றது. மரம் சூழ்ந்த இடம்கிறதால அதுக்கு "மரங்களின் தியேட்டர்"னு நாங்களே பட்டம் வேற வச்சிருந்தோம்.

நான் வடசென்னைக்காரன், குப்பையும் கல்லும் கிடக்கிற கிரவுண்ட்ல ஆடி வளர்ந்தவன், ஆனா நனைஞ்சுகிட்டே உக்காந்து பாடுற அந்த ஆறாயிரம் பேரைப் பார்த்தப்போ ஒண்ணு புரிஞ்சுது, கிரவுண்டு இல்லாத கிளப் வாடகை வீட்டுல பொங்கல் வைக்கிற குடும்பம் மாதிரி, கோலம் போடக்கூட ஓனரைக் கேக்கணும்.

புது இடம்னு கிளப் கேட்டது ஃபால்மர், என் காலேஜுக்கு எதிர்ல, ஏ27 ரோட்டுக்கு அந்தப் பக்கம். 1999 மே மாசம் ஊர்ல ஓட்டெடுப்பு வச்சப்போ பெரும்பான்மை ஆமான்னு சொல்லிட்டாங்க, 2002ல பிரைட்டன் நகரசபையும் சரின்னுடுச்சு. ஆனா அந்த இடம் சவுத் டவுன்ஸ் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதில வருது, பக்கத்து லூயிஸ் கவுன்சில் கூடாதுன்னுச்சு, குளமும் வாத்தும் இருக்கிற ஃபால்மர்ங்கிற அந்தச் சின்ன கிராமமும் கூடாதுன்னுச்சு. அவங்களையும் குத்தம் சொல்ல மாட்டேன், அந்தக் குளத்தங்கரைல சாண்ட்விச் சாப்பிட்டவன் நான், நான் அங்க குடியிருந்தா நானும் எதிர்ப்பு போர்டு மாட்டியிருப்பேன். அதனால விஷயம் லண்டனுக்குப் போச்சு, இந்த மாதிரி கட்டிட அனுமதியை முடிவு பண்ற மந்திரியா அப்போ இருந்த உங்ககிட்ட. பொது விசாரணை நடத்தின அதிகாரி வேண்டாம்னு எழுதிக் கொடுத்தார்.

இங்கதான் ஐயா நான் உங்ககிட்ட முதல்ல மன்னிப்பு கேட்கணும், அப்புறம்தான் நன்றி. 2004 ஜூலைல நீங்க ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல, விசாரணையைத் திரும்பத் திறங்க, இந்த ஊர்ல வேற ஏதாவது இடம் நிஜமாவே இருக்கான்னு பாருங்கன்னீங்க. அன்னைக்கு சாயந்திரம் பப்ல உங்களை நாங்க திட்டினது இங்க எழுதுற மாதிரி இல்ல. ரெண்டு மாசம் முன்னாடிதான் கார்டிஃப்ல மேல் டிவிஷனுக்குப் போறதுக்கான பிளே-ஆஃப் ஃபைனல்ல பிரிஸ்டல் சிட்டியை 1-0ன்னு அடிச்சுட்டு வந்திருந்தோம், லியான் நைட் பெனால்ட்டி, தலைகால் புரியாத சந்தோஷம், அதுல வந்து இழுத்தடிக்கிறாரேன்னு கோவம். இப்போ யோசிச்சா கை காலெல்லாம் ஆடுது. அதிகாரி ரிப்போர்ட் கையில இருக்கு, "சாரி"ன்னு ஒரு கையெழுத்து போட்டிருந்தா யாரும் உங்களைக் கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க, உங்களுக்கு ஒரு ஃபைல் குறைஞ்சிருக்கும், எங்களுக்கு கிளப்பே இருந்திருக்காது. "வேற இடம் எங்கய்யா?"ன்னு நீங்க கேட்ட அந்த ஒரு கேள்விலதான் நாங்க பிழைச்சோம்.

அதுக்கப்புறம் எங்க ஆளுங்க பண்ணின கூத்து இருக்கே. உங்க ஆபீஸுக்கு போஸ்ட்கார்டு போஸ்ட்கார்டா போட்டாங்க. உங்க லேபர் கட்சி மாநாடு நடந்த எடத்துல ஊர்வலம். ரசிகர்கள் ஒண்ணா சேர்ந்து ஒரு பாட்டு ரெக்கார்ட் பண்ணி அது 2005 ஜனவரில நாட்டோட பாட்டு விற்பனை சார்ட்லயே 17வது இடத்துக்கு வந்துச்சு, பாட்டு கேக்க அவ்வளவு நல்லா இருக்காது, உண்மைய சொல்லணும்ல. காதலர் தினத்துக்கு உங்களுக்குப் பூ அனுப்புறதுன்னு ஒரு ஐடியா, வேற கிளப் ரசிகர்களும் அனுப்பினாங்க. முட்டை எறிஞ்சா குத்துவார், பூ எறிஞ்சா என்ன பண்ணுவார்னு பார்ப்போம்னு ஒரு நக்கல் வேற ஓடுச்சு.

2005 அக்டோபர் 28, வெள்ளிக்கிழமை, நீங்க ஆமான்னுட்டீங்க. நான் வேலை இடத்துல கழிவறைக்குள்ள போய் அழுதேன். அந்த அனுமதிக் கடிதத்துல உங்க ஆளுங்க ஒரு தப்பு பண்ணி, லூயிஸ் கவுன்சில் அதைப் பிடிச்சுகிட்டு கோர்ட்டுக்குப் போய், அனுமதியே ரத்தாகி, திரும்ப முதல்லேருந்து. அதுவும் சொல்லாம விட்டா நல்லா இருக்காது. அப்புறம் 2007 ஜூலை 24ல அப்போ அந்த இலாகா மந்திரியா இருந்த ஹேசல் பிளியர்ஸ் அம்மா திரும்ப ஆமான்னாங்க, அம்மா, உங்களுக்கும் பெரிய கும்பிடு. ஆனா அவங்க திறந்த கதவுல கால் வச்சு மூடாம பார்த்துகிட்டது நீங்கதான்.

டிக் நைட் சார், கிளப்பை அந்த நாசகாரக் காலத்துலேருந்து மீட்டுக் கையில பிடிச்சிருந்த உங்களுக்கு நன்றி. சொந்தப் பணத்தைக் கொட்டி ஸ்டேடியத்தைக் கட்டின டோனி புளூம் சாருக்கு நன்றி. 1997 பிப்ரவரில ஹார்ட்டில்பூல் மேட்சுக்கு தன் கிளப் சட்டையைப் போட்டுட்டு எங்களுக்காக கோல்ட்ஸ்டோன் வந்து நின்ன மத்த ஊர் ரசிகர்களுக்கு, நான் அங்க இல்லாட்டியும், நன்றி. மேட்ச் முடிஞ்சு விதீன் தெருக்கள்ல குப்பை பொறுக்கின வாலண்டியர்களுக்கும். கையெழுத்து கேட்டு மழைல நின்னவங்களுக்கும்.

2011 ஆகஸ்ட் 6, புது ஸ்டேடியத்துல முதல் லீக் மேட்ச், எதிர்ல யாருன்னா அதே டான்காஸ்டர். முதல்ல அவங்கதான் கோல் போட்டாங்க, நம்ம ராசி தெரியுமேன்னு உக்காந்துட்டேன். வில் பக்லி இறங்கி ஒண்ணு போட்டு, இஞ்சுரி டைம் ஓடிட்டு இருக்கும்போது இன்னொண்ணு போட்டான், 2-1. பக்கத்து சீட்டுப் பெரியவர், கோல்ட்ஸ்டோன் காலத்து ஆளு, கோலுக்குக் கத்தவே இல்ல, குனிஞ்சு சீட்டைத் தடவிப் பார்த்துட்டே இருந்தார். மெத்தை வச்ச சீட்டு ஐயா, எதிரணிக்காரனுக்கும் மெத்தைதான். காய்ஞ்சு கிடக்குன்னு என்கிட்ட காட்டினார், அவ்வளவுதான் அவர் பேசினது.

அப்புறம் 2017ல பிரீமியர் லீக், 2023ல நெதர்லாந்தோட அயாக்ஸ் கிளப் இங்க வந்து 2-0ன்னு தோத்துட்டுப் போனது, அதெல்லாம் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அப்போ நீங்க வடக்குல இருக்கிற ஹல் ஊரு எம்பி, இந்த ஊர்ல உங்களுக்கு ஒரு ஓட்டு கூட கிடையாது, அதையும் ஞாபகம் வச்சிருக்கோம்.

உங்க குடும்பத்துக்கு எங்க அனுதாபம். கடைசியா ஒண்ணு, அந்தப் பூ விஷயம். நான் அனுப்பினது நீலமும் வெள்ளையுமா ஒரு கட்டு, கல்யாணம் ஆகி வீட்டம்மா லண்டன் இறங்கி அவங்களுக்கு அதுதான் முதல் காதலர் தினம், கையில இருந்த காசெல்லாம் உங்க பூவுக்கே போச்சு, அவங்களுக்கு ஒரு சாக்லேட் கூட இல்ல. 2005ல நடந்த கதை. நீங்க போன அன்னைக்கு நியூஸ்ல உங்க முகத்தைப் பார்த்துட்டு, "பாவம், நல்ல மனுஷன், என் பூவை வாங்கினவரு"ன்னாங்க.